பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டின் முதற்பெயர்

திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டண்ட் திருச்சபை வரலாறு நெடுங்காலமாக அயல்நாட்டுக் குருமாரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயர், 1841இல் இடையன்குடியில் தங்கிய கால்டுவெல் ஐயர் என்று பெயர்களை அடுக்கிச் செல்லும் அவ்வரலாற்றில், தமிழ்நாட்டுச் சபையார் பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறுகின்றனர். எனினும் இச்சபையின் பிறப்புச் சான்று என்று கொள்ளத்தக்க 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் காணப்படும் நாற்பது பெயர்களுள் முதலில் நிற்பது குரு ஒருவரின் பெயரன்று. உபதேசியார் ஒருவரின் பெயருமன்று. கிளாரிந்தா என்னும் பிராமணக் கைம்பெண்ணின் பெயரே அது. குருப்பட்டம் பெறாமலும், திருச்சபையிடம் ஊதியம் எதுவும் வாங்காமலும், சபையின் வழிபாட்டையும் பொருளியலையும் தாங்கி நடத்தும் பொதுநிலையினர் என்ற வகையில், தென்தமிழ்நாட்டில் ஆவணச் சான்றோடு அறியப்படும் மிகப் பழைய தலைவர்களுள் அவர் ஒருவர். சதி நெருப்பு, ஆங்கிலப் படைவீரர், காதல் என்று அவருடைய வாழ்க்கைக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது; அவர் செய்த வேலை அவ்வளவு சொல்லப்படவில்லை.

அவ்வேலையின் தன்மையை அறிய, அக்காலப் பாளையங்கோட்டையின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். தாமிரபரணியின் மேற்கே திருநெல்வேலி நகரம் கோயிலையும் கடைத்தெருக்களையும் கொண்டு விளங்க, ஆற்றின் கிழக்கே பாளையங்கோட்டை ஒரு கற்கோட்டையும் அதைச் சுற்றிய குடியிருப்புமாக இருந்தது. நாடு பெயரளவில் ஆர்க்காட்டு நவாபுக்கு உரியதாயினும், பாளையக்காரர்களிடமிருந்து வரி தண்டும் பொருட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அக்கோட்டையில் நிலைகொண்டிருந்தது. படையோடு சிப்பாய்கள், அவர்களுடைய குடும்பத்தார், சமையற்காரர், கணக்கர், துபாஷிகள் என்று பலதரப்பட்ட மக்கள் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் தெற்கே வந்தனர். அவர்களுள் தரங்கம்பாடி மிஷனின் போதனையை முன்பே ஏற்றிருந்த சிலரும் இருந்தனர். 1706இல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் தொடங்கிய அந்த மிஷன் தாமிரபரணிக் கரைக்கு வந்தது குருமாரின் திட்டத்தால் அன்று, இத்தகைய எளிய மனிதரின் இடப்பெயர்ச்சியால் என்பது கருதத்தக்கது.

திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய சுவார்ட்ஸ் ஐயர், இருநூறு மைலுக்கு அப்பால் உள்ள பாளையங்கோட்டையைப் பற்றி 1771இல் எழுதிவைத்த குறிப்பே இச்சபையைப் பற்றிக் கிடைக்கும் முதற்செய்தியாகும். தம் சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்பவர் அங்கே வாழ்கிறார் என்றும், அவர் அவ்வூர்க் கத்தோலிக்கருக்கும் பிற சமயத்தாருக்கும் வேதத்தை வாசித்துக் காட்டுகிறார் என்றும், ஆங்கிலப் படையின் சார்ஜண்ட் ஒருவரும் இவ்வூழியத்தில் துணைநிற்கிறார் என்றும் அவர் குறித்துள்ளார். அந்த சார்ஜண்ட், வேதத்தில் ஈடுபாடு காட்டிய இளைஞரான கணக்கர் ஒருவருக்கு ஞானோபதேசத்தை, அதாவது கேள்வியும் விடையுமாக அமைந்த சமயப் பாடநூலை, மனப்பாடம் செய்வித்துத் தாமே ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார். இளைஞர் தக்க அறிவு பெறுமுன் இது நடந்ததே என்பதுதான் சுவார்ட்ஸின் கவலை. லுத்தரன் முறைப்படி ஞானஸ்நானம், திருவிருந்து என்னும் இரு சாக்கிரமெந்துகளையும் நடத்தும் உரிமை வழக்கமான சூழலில் குருப்பட்டம் பெற்றவருக்கே உண்டு. வாசித்தல், செபித்தல், கற்பித்தல் ஆகியவற்றை எவரும் செய்யலாம். இவ்வரம்பு ஏட்டில் தெளிவாக இருந்தபோதிலும், குரு இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கும் ஊரில் அது எவ்வளவு மெல்லியதாகிவிடும் என்பதை இச்சிறு நிகழ்ச்சி காட்டிவிடுகிறது.

பொதுநிலையினர் முன்னே செல்ல, குருமார் பின்னே வரும் இம்முறை பாளையங்கோட்டைக்கு மட்டும் உரியதன்று. தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்த கத்தோலிக்கரான இராஜநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் படித்ததன் வழியாகவே புராட்டஸ்டண்ட் சபையை நாடி வந்தார்; ஐரோப்பியக் குருமார் தஞ்சை நாட்டுக்குள் எளிதில் நுழைய முடியாதிருந்த காலத்தில் அங்கே சபை உருவானது அவர் கையால்தான். அச்சிட்ட நூலும் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் சபை தோன்றிவிடும் என்பதை மிஷனரிமாரே இத்தகைய நிகழ்வுகளிலிருந்து கற்றுக்கொண்டனர் எனலாம்.

கிளாரிந்தாவின் முன்வாழ்க்கையைப் பற்றி உறுதியாகச் சொல்லத்தக்க செய்திகள் சிலவே. அவர் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த மராட்டியப் பிராமணக் குடும்பத்தினர். இளமையிலேயே கணவரை இழந்தவர். லிட்டில்டன் என்னும் ஆங்கில அதிகாரியின் பாதுகாப்பில் வாழ்ந்தவர். அவரிடமே ஆங்கிலமும் கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைகளும் கற்றவர். கோகிலா என்பது இயற்பெயர் என்பதும், கணவரின் சிதையிலிருந்து அவ்வதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்பதும் பிற்கால மரபு வலியுறுத்தும் செய்திகளாகும். மரபை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எனினும் அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அந்தச் சிதையோடு தொடங்கி அந்த அதிகாரியின் மரணத்தோடு நின்றுவிடுவதால், காப்பாற்றப்பட்டவராகவே அவர் எஞ்சுகிறார் என்பதைச் சுட்டாமல் இருக்கவியலாது.

லிட்டில்டன் உயிரோடிருந்த காலத்திலேயே கிளாரிந்தா சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டதுண்டு. திருமணமின்றி ஒரே இல்லத்தில் வாழும் நிலையைக் காரணங்காட்டிச் சுவார்ட்ஸ் அதை மறுத்தார். அதிகாரிக்கு அன்று எவ்விதத் தண்டனையும் இல்லை என்பதையும், மறுப்பின் சுமை முழுவதும் பெண்ணின் மீதே விழுந்தது என்பதையும் இன்றைய வாசகர் கவனிப்பர். அவ்வாறு மறுக்கப்பட்டவர் பின்வாங்கிப் போகவில்லை. லிட்டில்டன் பாளையங்கோட்டையில் இறந்த பின்னர், அவர் விட்டுச்சென்ற பொருளோடு தஞ்சைக்குத் திரும்பாமல் அவ்வூரிலேயே தங்கி, தம்மை நாடி வந்தவர்களுக்குத் தாம் கற்றதைக் கற்பித்துவந்தார். 1778இல் சுவார்ட்ஸ் முதன்முறையாகப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது மீண்டும் விண்ணப்பித்து ஞானஸ்நானம் பெற்றார். கிளாரிந்தா என்ற பெயர் அப்போது சூட்டப்பட்டது. ஊரார் அவரை ராச கிளாரிந்தா என்றும் பாப்பாத்தியம்மாள் என்றும் அழைத்தனர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட பதிவேடு, அவர் ஞானஸ்நானத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்று. அவரோடு அவருடைய வளர்ப்பு மகனும் பணிப்பெண்ணும் அதில் இடம்பெறுகின்றனர். நாற்பது பேரும் ஒரே சாதியினரல்லர், உயர்ந்தோர் எனப்பட்டவரும் தாழ்ந்தோர் எனப்பட்டவருமாகப் பல சாதிகளைச் சேர்ந்தவர்கள். வேதநாயக சாஸ்திரியாரின் தந்தையாகிய புலவர் தேவசகாயமும் இச்சபையோடு தொடர்புடையவரே. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம், சிறுவயதில் சுவார்ட்ஸால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, சரபோஜி மன்னரோடு பழகி, பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெரும்புலவராக வளர்ந்தார். அத்தகைய ஒருவர் இந்தச் சிறு கூட்டத்தின் நிழலிலிருந்து புறப்பட்டுச் சென்றார் என்பது, அக்கூட்டம் வெறும் படைமுகாமின் ஒட்டு அன்று என்பதைக் காட்டும். மாறுபட்ட சாதியினர் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டனர் என்பதால் அவர்கள் ஒரே பந்தியில் அமர்ந்தனர் என்று முடிவு கட்டிவிடலாகாது. தரங்கம்பாடி, தஞ்சைச் சபைகளிலேயே சாதிவாரியாக இருக்கை பிரிக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. ஆயினும் பிராமணப் பெண் ஒருவர் தலைமையேற்ற கூட்டத்தில் இவர்கள் ஒருங்கே எண்ணப்பட்டதே அன்றைய நிலையில் சிறிய செய்தியன்று.

அந்தப் பதிவேடு எழுதப்பட்ட 1780இல்தான் ஐதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் புகுந்தது. அதற்கு முந்திய ஆண்டு கம்பெனியின் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்று ஐதரைச் சந்தித்துத் திரும்பிய சுவார்ட்ஸ், அடுத்த சில ஆண்டுகளைத் தஞ்சையில் போராலும் பஞ்சத்தாலும் நைந்த மக்களுக்கு நெல் திரட்டிப் பகிர்ந்தளிப்பதிலேயே கழிக்க நேர்ந்தது. பசித்து வந்தோர் தெருக்களில் விழுந்து இறந்த காலம் அது. இந்நிலையில் தெற்கே உள்ள நாற்பது பேரைப் பேணுவதற்கு அவருக்கு நேரமோ, அனுப்புவதற்கு ஆளோ எளிதில் வாய்த்திருக்க முடியாது. ஞாயிறுதோறும் கூடுதல், வேதம் வாசித்தல், நோயுற்றோரைக் காணுதல், இறந்தோரை அடக்குதல், புதிதாக வருவோருக்கு ஞானோபதேசம் கற்பித்தல் என்னும் ஒரு சபையின் அன்றாடக் காரியங்கள் அனைத்தும் குரு இல்லாமலேயே நடந்தாக வேண்டியிருந்தன. அவற்றை நடத்தியவர் யார் என்பதற்கு, பதிவேட்டின் முதல் வரியைத் தவிர வேறு விடை தேட வேண்டியதில்லை.

குரு இல்லாச் சபைக்கு உபதேசியாராவது வேண்டும் என்பதைக் கிளாரிந்தா உணர்ந்திருந்தார். உபதேசியார் என்போர் குருப்பட்டம் பெறாது, மிஷனின் ஊதியம் பெற்று, ஊர்ஊராகச் சென்று கற்பித்தும் செபக்கூட்டம் நடத்தியும் குருவுக்குக் கணக்கு அனுப்பியும் வந்த ஊழியர். தமிழ்நாட்டுச் சபைகளின் உண்மையான முதுகெலும்பு அவர்களே. அத்தகைய ஒருவரை அனுப்பும்படி கேட்கக் கிளாரிந்தா தாமே தஞ்சைக்குச் சென்றார். போர்க்காலத்துத் தமிழ்நாட்டில், தாமிரபரணியிலிருந்து காவிரி வரை, ஒரு கைம்பெண் தம் சபைக்கு ஆள் கேட்டுப் பயணம் மேற்கொண்டார் என்பதைச் சபை வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கள்ளர் பயமும் பாளையக்காரர் சுங்கமும் நிறைந்த வழிகளில் அது பல நாள் நடைப்பயணமாகவோ பல்லக்குப் பயணமாகவோ இருந்திருக்கும். விண்ணப்பத்தின் பயனாகத் தஞ்சையிலிருந்து ஊழியர் தெற்கே அனுப்பப்பட்டனர்.

மற்றொன்று கோயிற்பணி. முதலில் எளிய கூரைக்கட்டடம் ஒன்றில் நடந்துவந்த வழிபாட்டுக்கு நிலையான ஆலயம் வேண்டும் என்று கருதிய கிளாரிந்தா, கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் சிலரின் உதவியையும் பெற்றுத் தம் பொருளைக் கொண்டு சிறிய ஆலயம் ஒன்றைக் கட்டிமுடித்தார். 1785இல் சுவார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். தென்தமிழ்நாட்டின் அப்பகுதியில் எழுந்த முதல் புராட்டஸ்டண்ட் ஆலயம் அது. இன்றும் பாளையங்கோட்டையில் அவ்வாலயம் கிளாரிந்தா ஆலயம் என்றும், முதியோர் பேச்சில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றும் வழங்குகிறது. ஊரார் பயன்பாட்டுக்கென அவர் வெட்டுவித்த கிணறும் அவர் பெயராலேயே அறியப்பட்டது. ஊருக்குள் ஒரு குளமோ கிணறோ வெட்டுவித்து, கோயில் எடுத்து, நித்திய காரியங்களுக்கு வழிசெய்வது தமிழ்நாட்டில் செல்வம் படைத்த பெண்கள் தொன்றுதொட்டுச் செய்துவந்த தர்மம். சோழப் பேரரசி செம்பியன் மாதேவி முதல் நாயக்கர் காலத்து மங்கம்மாள் வரை அதற்குச் சான்றுகள் நிறைய உண்டு. கிளாரிந்தாவின் பணி மிஷனின் ஆவணங்களில் ஐரோப்பியக் கண்ணுக்குப் புதுமையாகத் தோன்றினாலும், ஊர்க்கண்ணுக்கு நன்கு அறிமுகமான ஒரு வடிவத்தையே அது புதிய சமயத்துக்குள் கொண்டுவந்தது என்று கருத இடமிருக்கிறது.

இப்பணியின் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. ஆலயத்தைக் கட்டிய பணம் கம்பெனி அதிகாரி ஒருவரின் ஊதியத்திலிருந்தும் தேட்டத்திலிருந்தும் வந்தது. சபைக்குக் கிடைத்த பாதுகாப்பு, பாளையக்காரர்களை அடக்க நிறுத்தப்பட்ட படையின் பாதுகாப்பு. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பியதும் இதே சபையின் வாழ்நாளுக்குள் நிகழ்ந்தவை. சபையார் இவற்றை எவ்வாறு நோக்கினர் என்பதற்குச் சான்றில்லாவிடினும், கோட்டைக்கும் கோயிலுக்கும் இடையே இருந்த நெருக்கம் புறத்தாருக்கு ஐயத்தை விளைத்திருக்கும் என்பதில் தடையில்லை. அந்நெருக்கம் இல்லாதிருந்தால் சபை தோன்றியிருக்காது என்பதும், அந்நெருக்கத்தையே நம்பியிருந்தால் படை மாறிய அன்றே அது கலைந்திருக்கும் என்பதும் ஒருங்கே உண்மை.

ஆலயம் எழுந்தபின் தஞ்சையிலிருந்து வந்த உபதேசியார்களுள் சத்தியநாதன் முதன்மையானவர். 1790 டிசம்பர் 26 அன்று தஞ்சையில் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அச்சமயம் அவர் தமிழில் நிகழ்த்திய பிரசங்கம் மொழிபெயர்க்கப்பட்டு இலண்டனில் அச்சிடப்பட்டது. அடுத்த ஆண்டு யேனிக்கே என்னும் ஜெர்மானியக் குருவும் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். குருமார் வந்தமையால் ஆவணங்கள் பெருகின. ஆனால் ஆவணங்கள் பெருகப் பெருகக் கிளாரிந்தாவின் பெயர் அவற்றில் அருகிக்கொண்டே வருகிறது. அவர் ஓய்ந்துவிட்டார் என்பதைவிட, எழுதுவோரின் பார்வை தம்மை ஒத்த பட்டம் பெற்றோர் பக்கம் திரும்பியது என்று கொள்வதே பொருந்தும். பொதுநிலையினரின் உழைப்பு குரு இல்லாத காலத்தில்தான் குருவின் கண்ணுக்குத் தெரிகிறது. குரு வந்து அமர்ந்ததும் அது சபையின் இயல்பான சூழல் போலத் தோன்றி மறைந்துவிடுகிறது.

இதற்கிடையே சபையின் மையமே இடம்பெயர்ந்தது. சாத்தான்குளத்தை அடுத்த பகுதியில் பிறந்து தஞ்சைக்குச் சென்று கிறிஸ்தவரான தாவீது சுந்தரானந்தம் தம் உறவினரிடையே போதித்ததன் விளைவாக, பனைத்தொழிலையே நம்பி வாழ்ந்த நாடார் சமூகத்தார் குடும்பம் குடும்பமாகச் சபையில் சேரத் தொடங்கினர். ஊராரின் எதிர்ப்பால் வீடும் கோயிலும் இழந்தவர்களுக்காக 1799இல் தனி நிலம் வாங்கி முதலூர் என்னும் ஊர் அமைக்கப்பட்டது. 1802, 1803 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். கோட்டைக்குள் பல சாதியாரோடு தொடங்கிய நகரச் சபை, பனங்காட்டுக் கிராமங்களின் சபையாக மாறியது இவ்வாறே. பின்னாளில் திருநெல்வேலித் திருச்சபையைப் பற்றிப் பேசியோர் இக்கிராமங்களிலிருந்தே கதையைத் தொடங்க விரும்பியதில் வியப்பில்லை. தொகையும் வளர்ச்சியும் அங்கேதான் இருந்தன.

சுவார்ட்ஸ் 1798இலும் யேனிக்கே 1800இலும் மறைந்தனர். அடுத்துவந்த ஆண்டுகளில் ஐரோப்பாவில் நிகழ்ந்த போர்களாலும் மிஷனின் வறுமையாலும் இச்சபைகள் ஏறத்தாழக் கைவிடப்பட்டன. 1816இல் படைக்குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப், அழிந்திருக்கும் என்று எண்ணத்தக்க சபையில் ஏறத்தாழ மூவாயிரம் கிறிஸ்தவர்கள் சிற்றூர்களில் சிதறி வாழ்வதையும், அவர்களுக்கென்று உள்நாட்டுக் குருமார் இருவர் மட்டுமே இருப்பதையும் கண்டார். இருவர் மூவாயிரம் பேரைப் பேணியிருக்க முடியாது. உபதேசியார், பள்ளி ஆசிரியர், ஊர்ப் பெரியவர் என்போர் ஊர்தோறும் செபத்தை நடத்தியதனாலேயே சபை நிலைத்தது. இதே 1816இல் தெற்குத் திருவிதாங்கூரில், மயிலாடியில் பணிசெய்த ரிங்கல்தௌபே ஐயர் நாட்டைவிட்டு நீங்கியபோது, தம் சபைகள் அனைத்தையும் மகாராசன் வேதமாணிக்கம் என்னும் உபதேசியாரிடம் ஒப்படைத்துச் சென்றார். அடுத்த மிஷனரியான மீட் ஐயர் 1818இல் வந்துசேரும் வரை பட்டம் பெறாத அத்தமிழரே தலைமை ஏற்று நடத்தினார். வேதமாணிக்கத்துக்கு வாய்த்தது குருவே முறைப்படி ஒப்படைத்த பொறுப்பு. கிளாரிந்தாவுக்கு அப்படி எவரும் எதையும் ஒப்படைக்கவில்லை.

பிற்காலத்தில் இரேனியஸ் சபைகளுக்கு ஒழுங்கமைப்பை வகுத்தார். 1826இல் எழுந்த, ஊரார் ஊசிக்கோபுரம் என்று அழைக்கும் பேராலயம் பாளையங்கோட்டையின் அடையாளமாயிற்று. 1830இல் அவர் தொடங்கிய தர்ம சங்கம் கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கவும் ஆலயம் கட்டவும் சபையாரின் காணிக்கையைத் திரட்டியது. சமைக்கும் முன் கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் கோயிலுக்குச் சேர்க்கும் பிடியரிசிக் காணிக்கை வீட்டுப் பெண்களின் பொறுப்பாக இச்சீமையில் வேரூன்றியது. இன்று பல சபைகள் சேர்ந்த சேகரத்துக்குச் சேகரக் குழுவும், சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்துக்குப் பொதுநிலையினரின் சார்பில் லே செயலர் என்னும் பதவியும் உண்டு. அப்பதவிக்கான தேர்தல்கள் சட்டமன்றத் தேர்தலுக்குக் குறையாத பரபரப்போடு நடப்பதைத் திருநெல்வேலி வாசகருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கிளாரிந்தாவின் நினைவைப் பேணியவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். 1881இல் திருநெல்வேலி மிஷனின் தொடக்க வரலாற்றை ஆவணங்களிலிருந்து தொகுத்து வெளியிட்ட கால்டுவெல், 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டை ஆராய்ந்து அவருக்கு உரிய இடத்தை உறுதிசெய்தார். பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா 1915இல் அவரையே தலைவியாகக் கொண்டு ஆங்கிலத்தில் வரலாற்று நாவல் ஒன்று எழுதினார். கைம்பெண்களின் துயரமும் பெண் கல்வியும் அவர் எழுத்து முழுதும் ஓடும் கவலைகளாதலால், அந்நாவலின் ஈர்ப்பு கிளாரிந்தாவின் முற்பாதி வாழ்க்கையின் பக்கமே சாய்வது இயல்பு. பின்வந்த கதைகளும் நாடகங்களும் பெரும்பாலும் அவ்வழியையே பின்பற்றின. நாவலுக்கு உதவாத சுண்ணாம்பும் செங்கல்லும், தஞ்சைப் பயணமும், ஆண்டு முழுவதும் தவறாது நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களும் கால்டுவெல்லின் வறண்ட பக்கங்களிலும் சுவார்ட்ஸின் கடிதங்களிலும்தான் கிடக்கின்றன. 1778க்கும் 1785க்கும் இடைப்பட்ட ஏழாண்டுகளை, அவற்றை நடத்தியவரின் பக்கமிருந்து எழுதிய தனி வரலாறு ஒன்று தமிழுக்குத் தேவை.